ஊராட்சி மன்றமும் நம் சங்கமும்

(ஐம்பதாம் ஆண்டு நிறைவு விழாக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் பேற்றை அவன் நமக்கு அருளினான். சங்கத்தை உருவாக்கிய பெரியவர்களைப் பற்றியும், மதரஸாவைப் பற்றியும், நோன்புக் கஞ்சியைப் பற்றியும் நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். செயற்குழுவின் சார்பில் எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'ஊராட்சி மன்றமும் நம் சங்கமும்'. பொன்விழாவில் சாக்கடையையும் வரியையும் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இன்னொருவர், பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள் என்றார். இரண்டையும் மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறோம்.

நம் கட்டடத்தின் வாசலில், செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு மரப்பலகை இருக்கிறது. இன்று வரும்போது பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் இப்போது இருப்பவை ஒரு தொழுகை நேர அட்டவணையும் ஒரு பழைய நாட்காட்டியும்தான். ஆனால் ஒரு காலத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பலகையைப் பார்க்காமல் போனதில்லை. கடை லைசன்ஸ் புதுப்பிக்கக் கடைசி நாள், வீட்டு வரி கட்ட வேண்டிய மாதம், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், டைபாய்டு ஊசி எங்கே போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பலகையில்தான் இருக்கும்.

அறிவிப்புகள் மலாய் மொழியில் வரும். நம் முன்னோர்களில் பலருக்குத் தமிழ் தெரியும். குர்ஆன் ஓதத் தெரியும். அதனால் ஜாவி எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். ஆனால் வாசித்ததன் பொருள் பாதிக்கு மேல் விளங்காது. ராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்து, ஈயச் சுரங்கத்துக் கூலிகளுக்கும் ரப்பர் தோட்டத்து மக்களுக்கும் மளிகையும் துணியும் விற்றவர்கள் அவர்கள். கடைத்தெரு மலாய் சரளமாகப் பேசுவார்கள். அரசாங்கக் கடிதத்து மலாய் வேறு. ஆகவே மலாய் படித்த ஒருவர் அறிவிப்பைப் படித்து, கீழே தமிழில் நான்கு வரி எழுதி ஒட்டுவார். எழுத்தே தெரியாதவர்களுக்காக ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டுவார்கள். வீட்டுக்குப் போகும் ஆண்கள் பெண்களிடம் சொல்வார்கள்; சொல்ல மறந்தால், பெண்கள் அடுத்த வீட்டு லாத்தாவிடம் கேட்டுக்கொள்வார்கள். சங்கம் செய்த வேலைகளில் எந்த அறிக்கையிலும் வராத வேலை இதுதான்.

அது ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதைச் சொல்ல, சிறிது பழைய கதைக்குப் போக வேண்டும்.

பிரிட்டிஷார் காலத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஊர்களைச் சேனிட்டரி போர்டு என்ற அமைப்பு நிர்வகித்தது. அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952இல் கோலாலம்பூரிலும் ஊராட்சித் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத்துக்கு மக்கள் வாக்களிப்பதற்கு முன்பே, தம் தெருவுக்கும் சாக்கடைக்கும் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி நம் பக்கத்துப் புதுக்கிராமங்கள் போன்ற சிறு ஊர்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வந்தன. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைக் கைப்பற்றி நடத்திய கதை, இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அதே ஆண்டு, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. நம் தமிழர் ஒருவர் தலைமை தாங்கிய அந்த ஆணையம் நாடு முழுவதும் சென்று விசாரித்து, 1968இல் அறிக்கையை முடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம் வந்தது. அதோடு ஊராட்சித் தேர்தல் முடிவுக்கு வந்தது.

இன்று ஒவ்வொரு மன்றத்திலும் தலைவரோடு குறைந்தது 8 பேரும் அதிகபட்சம் 24 பேரும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். இவர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சி விஷயங்களில் அனுபவம் உள்ளவர்கள், தொழிலிலோ வணிகத்திலோ சிறந்தவர்கள், அல்லது தம் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் நியமிக்கப்பட வேண்டும் என்கிறது சட்டம்.

நம் சங்கத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆகவே நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளில், நம் தெருச் சாக்கடைக்காக நாம் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. நாடாளுமன்றத்துக்கு வாக்களித்திருக்கிறோம், மாலிம் நாவார், கெராஞ்சி, துவாலாங் செக்கா சட்டமன்றத் தொகுதிகளுக்கு வாக்களித்திருக்கிறோம். அப்போது வீடு தேடி வருகிறவர்கள் உண்டு. மாவட்ட மன்றத்துக்காக யாரும் வந்து நம் வாசலில் நிற்பதில்லை. நிற்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. இதை யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. நம் சமூகத்தவர் உட்பட நல்ல மனிதர்கள் பலர் மன்ற உறுப்பினர்களாக இருந்து உழைத்திருக்கிறார்கள். ஆனால் வாக்கு இல்லாத இடத்தில் நமக்கு மிச்சமிருப்பது இரண்டுதான்: செய்தி நேரத்தில் வந்து சேர வேண்டும், வந்ததும் நாம் நேரில் போக வேண்டும். இந்த இரண்டில் முதலாவதை அந்த மரப்பலகை செய்தது.

இந்தக் காலத்துக்குள் நம் ஊரும் மாறிவிட்டது. 1985இல் ஈய விலை சரிந்தபோது கிந்தாவின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. ஜாலான் இட்ரீஸில் கடைகள் மாலை ஆறு மணிக்கே அடைத்துக் கிடந்த காலம் அது. நம் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தோட்டத்து மக்களை நம்பிய நம் கடைகளும் குறைந்தன. பிறகு 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே வந்தது. பழைய ஈயக்குட்டைகளின் ஓரத்தில் புதுநகரம் எழுந்தது. மாணவர்களுக்கு வாடகை வீடும் சாப்பாட்டுக் கடையும் தேவைப்பட்டன. நம்மவர்கள் சிலரும் மறுபடி கடை திறந்தார்கள்.

2009 வரை காம்பார், கிந்தா மாவட்டத்தின் பகுதி. மாவட்டத் தலைமையகம் பத்து காஜா. மன்றத்தின் பெயரும் தென்கிந்தா மாவட்ட மன்றம் என்றே இருந்தது. 2009இல் காம்பார் பேராக்கின் பத்தாவது மாவட்டமானது; கோப்பெங், மாலிம் நாவார் முதலிய ஊர்களெல்லாம் நம்மோடு இதில் அடங்கின. மன்றமும் காம்பார் மாவட்ட மன்றமானது. பெயர்ப்பலகை மாறியதை எல்லோரும் பார்த்தோம். எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகம் என்பதை மட்டும் நம்மில் பலர் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

அதற்கு முன், எங்களுடைய ஒரு தவற்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மலரில் வெற்றிகளை மட்டும் எழுதுவது வழக்கம். இது அப்படிப்பட்டதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நோன்பு மாதத்தில், நம் கட்டடத்தின் முகவரிக்கு ஓர் உறை வந்தது. அந்த மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கஞ்சிக்கு அரிசி, இறைச்சி, தேங்காய், எந்தக் குடும்பத்தின் முறை எந்த நாள், தராவீஹுக்கு ஹாஃபிழ் தங்க இடம் என்று இருந்தோம். யாரோ ஒருவர் உறையை வாங்கி மேசைமீது வைத்தார். அதன்மேல் அரிசிக்கடை ரசீது வந்தது. ரசீதின்மேல் இன்னொரு ரசீது வந்தது. பெருநாள் முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் உறையைப் பிரித்தோம். அது மதிப்பீட்டு வரி பற்றிய அறிவிப்பு. நம் கட்டடத்தின் ஆண்டு மதிப்பை உயர்த்தியிருந்தார்கள். ஆட்சேபனை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்க ஒரு தேதி குறித்திருந்தார்கள். அந்தத் தேதி நோன்பு இருபதோடு முடிந்திருந்தது.

மதிப்பீட்டு வரியை நாம் வீட்டில் சுக்காய் பிந்து என்கிறோம். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அன்றுதான் நாங்களும் படித்தோம். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுகிறது. அதுதான் ஆண்டு மதிப்பு. அதில் ஒரு விழுக்காடு வரி. அந்த விழுக்காடு 35க்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி முடிவதற்குள்ளும் ஆகஸ்டு முடிவதற்குள்ளும் கட்ட வேண்டும். மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மாநில அரசு இந்தக் காலத்தை நீட்டிக்கலாம். பட்டியல் மாறும்போது அறிவிப்பு வரும். மதிப்பு கூடுதலாக இருக்கிறது என்றோ, வரி போடக்கூடாத இடத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்றோ தோன்றினால், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்த முடிவிலும் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். எழுதிக் கொடுக்கவில்லை என்றால், சம்மதம் என்றுதான் பொருள்.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டோம். வழிபாட்டு இடம், உரிமம் பெற்ற அடக்கஸ்தலம், பொதுப்பள்ளி, தருமப் பணி இவற்றுக்கு மட்டுமே பயன்படும் சொத்துக்கு, அதில் இலாபம் பார்க்காதவரை, மாநில அரசு வரிவிலக்கு அளிக்கலாம். 134ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நம் கட்டடத்தில் கீழே ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மேலே மதரஸா. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மதிப்பிட்டிருந்தார்கள். மேல்மாடி வேறு, கீழ்த்தளம் வேறு என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். சொல்ல வேண்டிய நாளில் நாங்கள் அரிசி எடை போட்டுக்கொண்டிருந்தோம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போனபோது முகப்பில் இருந்த அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். தேதி போய்விட்டது, இனி முறைப்படி தனியாக விண்ணப்பியுங்கள் என்றார். விண்ணப்பித்தோம். மேல்மாடிக்கு நிவாரணம் கிடைக்க மாதங்கள் பல ஆயின. அதுவரை கட்டியது கட்டியதுதான். அந்தப் பணத்தை மதரஸாப் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கென்று வைத்திருந்ததிலிருந்து எடுத்தோம். அந்த ஆண்டு கிழிந்த கிதாபுகளை ஒட்டி வைத்துக்கொண்டு ஓதிய பிள்ளைகள் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம்.

அப்போது எங்கள் பெரியவர் ஒருவர், இன்று மர்ஹூம் ஆகிவிட்டவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்பா, பலகையில ஒட்டறது எப்பலேர்ந்து நின்னுச்சு?" எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒருநாள் முடிவெடுத்து நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். தமிழில் எழுதி ஒட்டியவருக்கு வயதாகிவிட்டது. அடுத்தவர் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். ஜும்ஆவுக்குப் பிறகு வாசிப்பது ஒரு வாரம் விட்டுப்போய், பிறகு ஒரு மாதம் விட்டுப்போய், மறந்தே போய்விட்டது.

நம் வீடுகளிலும் இதே கதைதான் என்று நினைக்கிறோம். ஆகவே, எந்த அறிவிப்பைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சிறிது சொல்லிவிடுகிறோம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு லைசன்ஸ் மன்றத்தினுடையது. பெயர்ப்பலகைக்கும் அனுமதி வேண்டும். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர் ஒவ்வொருவரும் உணவு கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதி. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிக்கு ஊசி போடாமல் பரோட்டா போட நிறுத்தினால், சோதனை வரும்போது அபராதம் கடைக்காரருக்குத்தான்.

நோன்புச் சந்தையில் வடையும் சம்சாவும் கஞ்சியும் விற்றுப் பெருநாள் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. பசார் ரமலான் இடங்களை மன்றம்தான் ஒதுக்குகிறது. அந்த அறிவிப்பு நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். தலைப்பிறை பார்த்த பிறகு இடம் கேட்டால் கிடைக்காது. கணவரை இழந்த நம் சகோதரி ஒருவர், ஒருமுறை தாமதமாகத் தெரிந்து, இடம் கிடைக்காமல், அந்த நோன்பு முழுவதும் வீட்டு வாசலில் மேசை போட்டு விற்றார். ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. மீந்த வடையை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வந்தவர்களிடம் சிரித்த முகமாகத்தான் பேசினார். அவருக்கு யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும்.

கலியாணத்துக்கோ கந்தூரிக்கோ தெருவை மறித்துப் பந்தல் போட்டால் மன்றத்துக்கும் போலீசுக்கும் முன்னதாகவே எழுத வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானியை அறுப்புக்கூடத்துக்கு வெளியே கொடுப்பதற்குக் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். பக்கத்து நிலத்தில் கட்டடம் எழும்பும்போது, அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாத நிலையில், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபிக்க 21 நாள் தர வேண்டும் என்பது 172ஆம் சட்டம். அதுவும் 1976இல் வந்ததுதான். உள்ளூர்த் திட்டம் தயாராகும்போது அதன் நகலை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். எந்த இடம் வீடு, எந்த இடம் கடை, எந்த இடம் திடல் என்பது அப்போதுதான் முடிவாகிறது. பத்து ஆண்டு கழித்து, நம் வீட்டுப் பின்னால் பட்டறை வந்துவிட்டதே என்று வருந்தும்போது, அது அந்த வரைபடத்தில் அன்றே இருந்தது என்று காட்டுவார்கள்.

இனி அலுவலகங்கள். குப்பை, தெருவோரச் சாக்கடை, சந்தை, பூங்கா, கடை லைசன்ஸ், சுக்காய் பிந்து ஆகியவை மாவட்ட மன்றம். நிலவரியும் கிராண்டும் மாவட்ட நில அலுவலகம். வீட்டு வரி கட்டியவர் நிலவரியும் கட்டிவிட்டதாக நினைக்கக் கூடாது. நம் ஊர் வழியாகப் போகும் 1ஆம் எண் கூட்டரசுச் சாலையில் குழி விழுந்தால் பொதுப்பணித் துறை. ஆறு பெருகினால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. குழாய்த் தண்ணீருக்குப் பேராக் நீர் வாரியம். பள்ளிவாசல், நிக்காஹ் ஆகியவற்றுக்கு மாநில இஸ்லாமிய சமயத் துறை. தவறான அலுவலகத்தில் கொடுத்த புகார் யாருடைய குற்றமும் இல்லாமலே செத்துப்போகும். நம்மில் எத்தனையோ பேர் ஒரு கதவைத் தட்டி, அது வேறு துறை என்று சொன்னதும், அரசாங்கமே செவிடு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

போகத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய கடைவீடுகளின் பின்சந்தில் குடியிருந்த நம் நன்னி ஒருவர். பெயரைச் சொன்னால் அவர் குடும்பத்தார் கூச்சப்படுவார்கள். அந்தச் சந்தின் சாக்கடையில் மூடி உடைந்து, மழைக்குத் தண்ணீர் அடுப்படி வரை வரும். ஆண்கள் எல்லோரும் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். நன்னி மட்டும் பேரனைக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதியதை நகல் எடுத்துக்கொண்டார். மன்றத்துக்குப் போய்க் கொடுத்து, தம் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அதே நகலோடு போனார். மறுபடி இரண்டு வாரம் கழித்துப் போனார். சண்டை போடவில்லை, பலகாரம் எதுவும் கொண்டுபோகவும் இல்லை. மூன்றாவது முறை போனபோது, வருகிற வாரம் ஆள் வருவார்கள் என்றார்கள், வந்தார்கள். அவர் வஃபாத்தானபோது, அவர் பெட்டியில் அந்த முத்திரை போட்ட நகல் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அல்லாஹ் அவருடைய கபுரை விசாலமாக்குவானாக.

பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மதரஸாவில் படித்தோம். கல்லையும் முள்ளையும் கையால் எடுத்துப் போடலாம். இந்தக் காலத்து இடைஞ்சல்கள் சிலவற்றைக் கடிதத்தாலும் நகலாலும் பொறுமையாலும்தான் எடுக்க முடியும். நன்னி செய்தது அதைத்தான்.

சிலர் கேட்கலாம்: இப்போது எல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறதே, பலகை எதற்கு என்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது ஜும்ஆவே நின்றது. அப்போது வாட்ஸாப் குழு பெரிய உதவியாக இருந்தது, மறுக்கவில்லை. யார் வீட்டில் அரிசி இல்லை, எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் அதில்தான் வந்தது. ஆனால் அந்தக் குழுவை இன்று திறந்து பாருங்கள். காலை வணக்கமும் ரோஜாப்பூவும், எங்கோ நடந்த ஏதோவொரு காணொளியும், அதே மருத்துவக் குறிப்பு நான்காவது முறையுமாக இருக்கும். நடுவில் மன்றத்தின் அறிவிப்பும் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், அது இந்த ஆண்டு அறிவிப்பா மூன்று ஆண்டுக்கு முந்தியதா என்று தெரிவதில்லை. பத்திரிகையும் இதற்கு உதவாது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. இருக்கிற நாளிதழ்களிலும் காம்பார்ச் சந்துச் சாக்கடைக்கு இடம் கிடைப்பது அரிது. அது அவர்கள் வேலையும் இல்லை, நம் வேலை.

ஆகவே செயற்குழு மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. இந்த விழா மேடையில் அவற்றை அறிவிக்கிறோம்.

முதலாவது, பலகை மறுபடி நடைமுறைக்கு வருகிறது. பழைய பலகையையே வார்னிஷ் பூசி வைத்திருக்கிறோம். அதில் மன்றத்தின் அறிவிப்புகளை மட்டும் ஒட்டுவோம். கீழே தமிழில் நான்கு வரி, கடைசித் தேதி பெரிய எழுத்தில். தேதி முடிந்த காகிதத்தை மறுநாளே எடுத்துவிடுவோம். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிட வாசிப்பும் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் நீங்கள் எழுந்து போகலாம்.

இரண்டாவது, கட்டடத்துக்கு வரும் எந்த உறையும் வந்த அன்றே பிரிக்கப்படும். அதற்கு இரண்டு பேர் பொறுப்பு. அவர்களில் ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவர், இன்னொருவர் மகளிர் பிரிவைச் சேர்ந்தவர். தனியாகக் கடிதம் எழுத முடியாத முதியவர்களுக்கு, மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அவர்கள் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். நகலும் எடுத்துத் தருவார்கள்.

மூன்றாவது, மாவட்ட மன்றத்தின் முழுமன்றக் கூட்டத்துக்கு நம்மில் இருவர் முறைவைத்துப் போவார்கள். மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய அந்தக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது என்று 171ஆம் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஐம்பது ஆண்டில் நாம் யாராவது போய் உட்கார்ந்தோமா என்று விசாரித்துப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. அங்கே நாம் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியட்டும்.

வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. இங்கே உங்கள் அத்தாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். பெருநாளுக்கு வரும்போது அவர்கள் மேசையில் இருக்கும் உறைகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த எழுத்து சிறியது. கேட்டால், ஒன்றுமில்லை, ஏதோ கரண்டு பில் என்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நீங்கள் இப்போது வாழும் ஊரிலும் ஒரு மன்றம் உண்டு. அங்கேயும் ஒரு பலகை இருக்கும், அல்லது இல்லாமல் இருக்கும். இல்லையென்றால் நீங்கள் ஒன்று மாட்டுங்கள்.

இந்த ஊரில் சீனர்களும் மலாய்க்காரர்களும் இந்து, கிறிஸ்துவத் தமிழர்களும் நம்மோடு ஒரே தெருவில் வாழ்கிறார்கள். மழைத் தண்ணீர் எல்லோர் வீட்டு வாசலிலும் ஒன்றாகத்தான் நிற்கிறது. பலகையில் ஒட்டும் தமிழ் வரிகளை நம் கட்டடத்தைக் கடந்துபோகும் எந்தத் தமிழரும் நின்று படிக்கலாம். பக்கத்துக் கடைச் சீனப் பெரியவர் கேட்டால் மலாயில் சொல்லிவிடுங்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தைத் தொடங்கியவர்களுக்குக் கட்டடம் இல்லை, கணக்கில் பணம் இல்லை. ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. கட்டடமும் பணமும் வந்த பிறகு அந்த எண்ணத்தில் நாங்கள் சற்று அசட்டையாக இருந்துவிட்டோம். இனி அப்படி இருக்க மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

நம்மை விட்டுப் போன பெரியவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர்களுக்கு ஜன்னத்துல் பிர்தௌஸைத் தருவானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. காம்பார் மக்கள் அனைவரையும் நோயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காப்பானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

பிரியாணி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று சமையல்கட்டிலிருந்து தகவல் வந்திருக்கிறது. வெளியே போகும்போது செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள். முதல் காகிதத்தை இன்று காலையே ஒட்டிவிட்டோம்.

வஸ்ஸலாம்.